புளிப்பா, கேடா

காலை ஒன்பதேகால் ஆனால் நிழல் வாரியத்தின் சாத்தூர் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்பார்கள். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு நிழல்துணி விரிப்பது என்று தீர்மானித்து ஊரையே ஆட்டிவைக்கிறவர்கள், அந்த ஆறு நிமிடம் மட்டும் கைகட்டி நிற்பார்கள். எதிரே குளிர்ப்பேழை. வெளியே ஐம்பத்தொரு பாகை வெயில். அந்தக் கட்டடத்தில் குளிர்ச்சி என்று சொல்லிக்கொள்ள அந்த எஃகு வயிறு ஒன்றுதான்.

கனகவேல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து கதவைத் திறப்பார். மேல்தட்டிலிருந்து தொடங்குவார். முதல் தட்டு மேலாளர் வெள்ளத்துரையுடையது. தயிர்ச் சட்டி. கனகவேல் குனிந்து, மூக்கை ஒரு விரற்கடை தள்ளி நிறுத்தி, கண்ணை மூடி, மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டு, "புளிப்பு" என்பார். வெள்ளத்துரை மூடியைப் போட்டுக்கொள்வார். அடுத்தது தோசைமாவு. "புளிப்பு." அடுத்தது கருவாட்டுக் குழம்பு. "புளிப்பு." இப்படிப் பன்னிரண்டு தட்டும் முடியும்.

புளிப்பு என்றால் பிழைத்தது. கேடு என்றால் போனது. சட்டத்தில் இரண்டே சொல்.

ஆரம்பத்தில் இந்த வேலையைச் செய்ய மோப்பப்பொறி என்று ஒரு சென்சாரைப் பேழைக்குள்ளேயே வைத்துத்தான் அனுப்பினார்கள். எங்கோ தயிர் தெரியாத தேசத்தில் செய்தது. முதல் வாரத்திலேயே மாவட்டத்தில் இருந்த மாவு, மோர், கருவாடு, பழையசோறு எல்லாவற்றையும் 'அழுகியது' என்று அறிவித்துக் குழியில் கொட்டிவிட்டது. புளித்ததற்கும் கெட்டதற்கும் நடுவே இருக்கிற மயிரிழையில்தான் நம் அடுப்படியே நடக்கிறது என்பது அதற்குத் தெரியவில்லை. சனங்கள் திரண்டுபோய்ப் பொறிகளைச் செருப்பால் அடித்தார்கள். அதன்பிறகு அரசு மனித மூக்குக்கே திரும்பியது.

யார் மூக்கு என்பதில்தான் சட்டம் எழுதியவன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டியிருந்தான்.

வீட்டில் ஃப்ரிட்ஜ் வைத்துக்கொள்வது குற்றமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. ஒரு வீடு குளிர்ந்தால் ஒரு தெரு சூடாகிறது என்று கணக்குப் போட்டு, வேலையிடத்துக்கு ஒரு பேழை, பேழைக்குப் பன்னிரண்டு தட்டு என்று வகுத்துவிட்டார்கள். நிழல் வாரியத்தில் ஊழியர் நாற்பத்தொரு பேர். தட்டில்லாத இருபத்தொன்பது பேருக்கு ஒரு காத்திருப்போர் பட்டியல். அந்தப் பட்டியலில் முதலாவதாக நிற்பவர்தான் முகர்வர். அவர் 'கேடு' என்று சொன்னால் அந்தத் தட்டு அவருக்கே. இழந்தவர் பட்டியலின் வாலுக்குப் போவார். கிடைக்கப்போகிறவனைவிடக் கூர்மையான மூக்கு வேறு யாருக்கு இருக்கும்? நாடு முழுக்கப் பேழைகள் பளிங்குபோல இருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கனகவேல் நான்கு மாதமாகப் பட்டியலில் முதல் ஆள். இதுவரை ஒருமுறைகூட 'கேடு' என்றதில்லை. "தங்கமான மனுசன், அடுத்தவன் சட்டியில கை வைக்க மாட்டாரு" என்று அலுவலகமே அவரைப் பற்றிச் சொல்லிற்று. அவரும் அதை மறுக்கவில்லை.

உண்மை என்னவென்றால் அவருக்கு மோப்பமே கிடையாது. நான்கு வருடத்துக்கு முன் தூசிக் காய்ச்சல் வந்து போனபோது மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு மல்லிகையும் மலக்குழியும் அவருக்கு ஒன்றுதான். ஆனால் மிளகாய் மண்டியில் தரகு பார்த்த குடும்பத்தில் பிறந்தவர். சரக்கைப் பார்க்காமல் சரக்கைக் கொண்டுவந்தவன் முகத்தைப் பார்த்தே தரம் சொல்லும் வித்தை ரத்தத்தில் இருந்தது. மூடியைத் திறக்கிறவனின் விரல் நடுங்கினால் அன்றைக்கு ஏதோ சரியில்லை. அதற்கும் 'புளிப்பு' என்று சொல்லிவிடுவார். ஏனென்றால் 'கேடு' என்று சொன்னால் எதிராளி எதிர்முகர்வு கேட்கலாம். முகர்வரின் கண்ணைக் கட்டி, மூன்று டப்பாவை வைத்து, இதில் கெட்டது எது என்பார்கள். தவறாகச் சொன்னால் பட்டியலிலிருந்தே பெயர் போகும், ஆயுசுக்கும். ஆகவே யாராவது செத்தோ ஓய்வு பெற்றோ தட்டு காலியாகட்டும் என்று பொறுமையாக நல்லவராக இருந்தார்.

செவ்வாய்க்கிழமை வந்த கடிதம் அந்தப் பொறுமையைக் கெடுத்தது.

அவர் மனைவி குருவம்மாளுக்கு எலும்பு இறுக்கம். இரண்டு வருடத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, இப்போது இரண்டு கையும் மூடிய மொக்குபோல ஆகிவிட்டன. கனகவேல்தான் தலை பின்னிவிடுகிறார், சோறு ஊட்டுகிறார். அடுத்தது தொண்டை இறுகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கடிதத்தில் இருந்தது இதுதான்: நாற்பது ஊசி ஒதுக்கியாயிற்று, அவற்றைக் குளிரில் வைக்க வெள்ளி நண்பகலுக்குள் நோயாளியின் குடும்பத்தார் பெயரில் தட்டுச் சான்று காட்ட வேண்டும், காட்டாவிட்டால் அடுத்த நோயாளிக்குப் போய்விடும்.

கனகவேல் அதை உரக்கப் படித்ததும் குருவம்மாள் கேட்டாள்: "தட்டு கெடைக்குமா?"

"கெடைக்கும்."

"யாரு தட்டு?"

அவர் கடிதத்தை மடித்தார். அன்றிரவு முழுக்கப் பன்னிரண்டு பேரையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். வெள்ளத்துரை மேலாளர், தொட முடியாது. இரண்டாவது தட்டு சங்கத் தலைவர். தொட்டால் வேலை போகும். மீதிப் பேரில் பெரும்பாலோர் தயிரும் ரசமும் வைப்பவர்கள். கேடு என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எட்டாவது தட்டில் ஜெபக்கனி ஆப்பமாவு வைத்திருந்தாள். நான்கு நாள் மாவு. எப்போதும் எல்லையில் நிற்கும் சரக்கு.

அதே எட்டாவது தட்டில், மாவு டப்பாவுக்குப் பின்னால், அவள் பையன் ஆரோனின் மருந்துக் குப்பிகளும் இருந்தன. ஆறு வயசுப் பையனுக்கு மணல் இழுப்பு; நாளுக்கு ஒரு குப்பி. எல்லாருக்கும் தெரியும். கனகவேலுக்கும் தெரியும். குப்பிகள் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே அவர் அந்தத் தட்டைத் தேர்ந்தெடுத்தார். மறைக்கவோ மழுப்பவோ அதில் ஒன்றுமில்லை.

புதன்கிழமை மத்தியானம் ஜெபக்கனியே அவரிடம் வந்தாள். வரைபட மேசையில் நிழல்துணிகளின் குறிச்சீட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, மதினிக்கு மருந்து வந்திருக்காமே. கேள்விப்பட்டேன்."

"ஆமாம்மா."

"என் தட்டுல பின்னாடி பாதி சும்மாதான் கெடக்கு. அடுத்தவங்க பொருளை வைக்கக் கூடாதுதான், பரவாயில்ல, கொண்டாந்து வச்சுக்கிடுங்க. நாற்பதும் அடங்கிரும்."

"சான்று என் பேர்ல இருக்கணுமாம். பாதித் தட்டுக்குச் சான்று கிடையாது."

"அப்ப முழுத் தட்டுதான் வேணுமா?" அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு அவர் கண் எங்கே போகிறது என்று பார்த்தாள். அது பேழைப் பக்கம் போனது அவளுக்குப் பிடிக்கவில்லை. சிரிப்பு அப்படியே நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு முந்தி எம்பிள்ளையை ஆஸ்பத்திரியில போட்டிருந்தேனே, ஞாபகம் இருக்கா? சாளை மீனை அஞ்சு நாளா மறந்துட்டேன். அன்னைக்குத் தட்டு போச்சுன்னு நெனச்சுத்தான் மூடியைத் திறந்தேன். நீங்க குனிஞ்சு, நல்லா இழுத்து மோந்து, புளிப்புன்னீங்க. வீட்டுக்குப் போய் உங்க பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினேன். பெறவுதான் தோணுச்சு. அவ்வளவு நாத்தத்துல உங்க கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரலையே."

கனகவேல் ஒட்டுப்பசையைக் கீழே வைத்தார்.

"நான் யார்கிட்டயும் சொல்லலை அண்ணாச்சி. சொல்லவும் மாட்டேன். ஆனா நாளைக்கு என் தட்டு முன்னாடி குனியிறப்போ அதை நெனச்சுக்கிட்டுக் குனிங்க."

"நீ என்னம்மா, என்னைப் போய்..." என்று சிரித்தார் அவர். நன்றாகவே சிரித்தார். அவள் எழுந்து போனதும், கை ஈரமாக இருந்ததைப் பார்த்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஒன்பதேகாலுக்கு ஏழு தட்டும் புளிப்பாகவே போயிற்று. எட்டாவது தட்டில் ஜெபக்கனி மூடியைத் திறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாவு வெள்ளையாக, நுரை கட்டி, அழகாக இருந்தது. கனகவேல் குனிந்தார். மூன்று எண்ணினார். ஆறு எண்ணினார்.

"கேடு."

பின்னால் யாரோ "அய்யோ" என்றார்கள். நான்கு மாதத்தில் முதன்முறையாக அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வருகிறது. தங்கமான மனுசன் சொல்கிறார். அப்படியானால் உண்மையிலேயே கெட்டிருக்க வேண்டும். நான்கு மாத நல்ல பேர் எதற்கு உதவும் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

ஜெபக்கனி கத்தவில்லை. அழவும் இல்லை. "எதிர்முகர்வு" என்றாள்.

பட்டியலில் இரண்டாவதாக நின்ற சுடலைமணிக்கு வாயெல்லாம் பல். முகர்வர் தோற்றால் அவன்தான் முதல் ஆள். அவனே ஓடிப்போய்க் கண்கட்டத் துணி கொண்டுவந்தான். வெள்ளத்துரை ஒரே மாதிரி மூன்று எவர்சில்வர் டப்பாக்களை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். இரண்டில் புளித்தது, ஒன்றில் கெட்டது.

"ஒரு வேண்டுதல் சார்" என்றாள் ஜெபக்கனி. "எல்லாரும் வெளிய போயிரணும். கதவைச் சாத்திரணும். அண்ணாச்சி மண்டிக்காரக் குடும்பம். கூட்டத்துல எவன் மூக்கைச் சுளிக்கிறான், எவன் தும்முறான்னு காதாலயே கண்டுபிடிச்சிருவாரு."

"கண்ணைத்தான் கட்டியாச்சே" என்றார் வெள்ளத்துரை.

"இருந்தாலும் சார்."

கூட்டம் வெளியே போயிற்று. வெள்ளத்துரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மூலையில் நின்றார். விதிப்படி எதிராளி முகர்வரின் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு மூடியாகத் திறக்க வேண்டும். அவள் நின்றாள்.

கண்கட்டின் இருட்டில் கனகவேலுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. குருவம்மாளின் மூடிய கைகள் தோன்றின. முதல் மூடி திறக்கும் சத்தம். குனிந்தார். ஒன்றுமில்லை, காற்று. பேழை மோட்டாரின் உறுமல். அதற்கும் இந்தப் பக்கம், காதுக்கு மிக அருகில், ஜெபக்கனியின் மூச்சு. போகிறது, வருகிறது. தலையை ஆட்டினார். இரண்டாவது மூடி. மூச்சு போகிறது, வருகிறது. மூன்றாவது மூடி திறந்தது.

மூச்சு நின்றது.

வெகுநேரம் இல்லை. நாற்றம் அடிக்கும்போது எந்த மனுசியும் நிறுத்துகிற அளவுதான். ஊரையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவள் தன் மூச்சை மறந்துவிட்டாள். மண்டியில் விலை சொல்லும்போது எந்த எண்ணில் எதிராளியின் மூச்சு தடுக்குகிறதோ அதுதான் அவன் எல்லை என்று கனகவேலின் தகப்பனார் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"இதுதான்" என்று மூன்றாவது டப்பாவைத் தொட்டார்.

வெள்ளத்துரை கைக்குட்டையை எடுத்துவிட்டு, "மூக்குன்னா இது மூக்கு" என்றார்.

ஆப்பமாவு குழிக்குப் போயிற்று. மருந்தைக் குழியில் போடக்கூடாது என்று சட்டத்தில் ஒரு கருணைப் பிரிவு உண்டு. அதன்படி நான்கு குப்பிகளை ஜெபக்கனியின் கையில் கொடுத்தார்கள். அவள் அவற்றை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு ஐம்பத்தொரு பாகைக்குள் இறங்கிப் போனாள். சாயங்காலத்துக்குள் நான்கும் மஞ்சளாகிவிட்டன என்று மறுநாள் பேசிக்கொண்டார்கள்.

வெள்ளி நண்பகலுக்கு முன்பே கனகவேல் சான்றைக் காட்டி நாற்பது ஊசியையும் வாங்கி வந்தார். எட்டாவது தட்டின் ஒரு மூலையில் அவை அடங்கின. அன்று மாலை முதல் ஊசி. ஞாயிறு இரண்டாவது. ஞாயிற்றுக்கிழமை குருவம்மாளின் இடது சுண்டுவிரல் நிமிர்ந்தது. அவள் அந்த விரலால் அவர் கன்னத்தைத் தொட்டாள். கனகவேல் அழுதார். அந்த அழுகையில் பொய் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை ஒன்பதேகாலுக்கு அவர் முதன்முறையாக வரிசையில் நின்றார். கையில் ஒரு சின்ன டப்பா. குருவம்மாளுக்குக் கொடுக்கும் மோர்க்கஞ்சி. எதிரே புது முகர்வர் சுடலைமணி. மற்ற தட்டுகளை ஓட்டமாக முடித்துவிட்டு எட்டாவதில் நின்றான். கஞ்சியை மோந்தான். தட்டின் ஓரத்தை மோந்தான். கதவின் ரப்பர் இடுக்கை விரலால் பிதுக்கி மோந்தான்.

"புளிப்பு" என்றான் கடைசியில். "இன்னைக்கு."

"என்ன தம்பி, இன்னைக்குன்னா?"

"நாளைக்கு நாளைக்குத்தானே அண்ணாச்சி தெரியும். உங்க மூக்குக்கு முன்னாடி எம்மூக்கெல்லாம் தூசு. நீங்கதான் தினம் மொதல்ல ஒருவாட்டி மோந்து பாத்து வைக்கணும்."

கனகவேலின் கண் கதவுப் பக்கம் போயிற்று. அந்த ரப்பர் இடுக்கில் எவனாவது ஒரு துண்டு மீனைச் சொருகிவிட்டால் போதும். ஊருக்கே நாறும், அவருக்கு நாறாது. நிரூபிக்கப்பட்ட மூக்கு வைத்திருப்பவர் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லவும் முடியாது. நாற்பது ஊசி முடிய இன்னும் பதினோரு வாரம். தினமும் ஒன்பது மணிக்கு அவருக்காக மோந்து சொல்ல ஒரு மூக்கு வேண்டும். அவருக்கு மோப்பம் இல்லை என்று தெரிந்த மூக்காக இருக்க வேண்டும். அப்படி ஒன்றுதான் இருந்தது.

மத்தியானம் ஜெபக்கனி கட்டடத்தின் பின்சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தண்ணீர் ஊறிய துணிமூட்டை. அவர் வருவதைப் பார்த்தும் எழவில்லை.

"பையன் எப்படிம்மா இருக்கான்?"

"இழுக்கான்."

"நேத்து மருந்து கொடுத்திருப்பாங்களே."

"வாரத்துக்கு ஏழு. காலைல ஒண்ணு போட்டாச்சு. ஆறு இருக்கு." மூட்டையைத் தொட்டாள். "சாயந்தரம் வரைக்கும் தாங்கும்."

கனகவேல் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சுற்றிவளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். தட்டு துடைக்க ஆள் வைத்துக்கொள்ளத் தட்டுக்காரருக்கு உரிமை உண்டு. அவள் தினம் ஒன்பது மணிக்கு வந்து துடைக்கலாம். துடைக்கும்போது மோந்து பார்த்துச் சொல்லலாம். அவள் குப்பிகளை அவர் ஊசிகளுக்கு நடுவே குருவம்மாள் பெயரில் வைத்துக்கொள்ளலாம்.

அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். பிறகு, "அன்னைக்கு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள்.

"அதை விடும்மா."

"சரி. ஆறும் வைக்கணும்."

"ரெண்டு" என்றார் கனகவேல்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கேட்டதும் வாய் தானாகச் சொன்னது.

"அண்ணாச்சி, தினம் ஒண்ணு போடணும். ரெண்டை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"பிடிபட்டா எனக்கில்ல தட்டு போகும்? குப்பி கூடக்கூட ஆபத்து கூடும்."

"அஞ்சு."

"ரெண்டுக்கே பயமா இருக்கு."

"பிள்ளை உதடு நீலமாகுது அண்ணாச்சி. நாலு. நாலாச்சும் வைங்க."

அவள் குரல் உடைந்த இடத்தை அவர் காது பிடித்துக்கொண்டது. இதற்கு மேல் இவள் எழுந்து போகமாட்டாள். "உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம்" என்றார். "மூணு. ஒவ்வொரு வாரமும் மூணு."

ஜெபக்கனி துணியை அவிழ்த்தாள். மூன்று குப்பிகளை எடுத்து அவர் கையில் வைத்தாள். "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா தாங்குவானா?" என்று அவரைக் கேட்டாள், அவர் ஏதோ மருத்துவர் மாதிரி.

"தாங்குவான்மா. சின்னப் பிள்ளை, தாங்குவான்."

"பெரிய உபகாரம் அண்ணாச்சி" என்றாள். கேலியாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அதுதான் அவருக்கு நடக்கும்போது காலில் முள்போலக் குத்தியது.

மூன்று குப்பிகளையும் எட்டாவது தட்டில் ஊசிகளுக்குப் பின்னால் செருகினார். செருகிவிட்டுத் தட்டைப் பார்த்தார். முக்கால்வாசி காலி. இன்னும் முப்பது குப்பி வைக்கலாம். மூன்று வைத்துப் பிடிபட்டாலும் ஆறு வைத்துப் பிடிபட்டாலும் தண்டனை ஒன்றுதான். ஆறுக்கும் சரியென்று சொல்லியிருந்தால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. பின்சுவருக்குப் போய், "மத்ததையும் கொடும்மா" என்று சொல்ல முப்பது அடி நடந்தால் போதும்.

ஆனால் முடிந்த பேரத்தைத் தானாகப் போய் அவிழ்க்கிறவனை நாளைக்கு யார் மதிப்பார்கள்? இன்றைக்கு ஆறு என்றால் அடுத்த வாரம் பால்புட்டி வரும். அதற்கடுத்து ஆப்பமாவு வரும். கதவு திறந்தே இருப்பதாகப் பேழை கிணுகிணுத்தது. சாத்தினார்.

செவ்வாய்க்கிழமை, ஆரோனுக்கு மருந்து இல்லாத நாள். ஒன்பது மணிக்கு ஜெபக்கனி நேரம் தவறாமல் வந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எட்டாவது தட்டை மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். தலையை உள்ளே விட்டு ஆழமாக ஒருமுறை இழுத்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, இனிமையாகச் சிரித்தாள்.

"ஒண்ணுமில்லை அண்ணாச்சி. சுத்தமா இருக்கு."

கனகவேல் அந்த முகத்தை இன்னும் ஒருமுறை பார்த்தார். அதில் எதுவுமே எழுதியிருக்கவில்லை. வெளியே நடையில் சுடலைமணி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.